ரெண்டு வீச்சு, ஒரு இழுப்பு

ஜூலியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம் காது சிவக்கும், அதற்கும் அப்புறம்தான் வாய் திறக்கும். அன்றைக்கு மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன.

"ஏண்டா, ஒனக்கு வேற அடியே தெரியாதாடா? சீ, நீயெல்லாம் ஒரு கிங்கா?"

பக்கத்தில் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்த லட்சுமியம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. ஜூலியா தன் கையிலிருந்த செல்போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மறுபடியும் தோத்துட்டியா?"

"தோக்கலக்கா. அவன் கவுத்துட்டான்."

"ரெண்டும் ஒண்ணுதான். வந்து சோத்தத் துன்னு."

வெள்ளிமலையில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்து பூச்சு வேலை நடந்தது. சித்தாள்களும் கொத்தனார்களுமாகப் பத்துப் பேர். தினமும் காலையில் வடக்கனந்தலில் லோடு வண்டி ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை வளைவுகளில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு வந்து சேர்வார்கள். மேலே குளிர் இருந்தது, காற்று இருந்தது, சிக்னல் மட்டும் இல்லை. மாடியில் மேற்கு மூலை, கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இந்த இரண்டே இடத்தில்தான் போன் வேலை செய்யும். மாடி மூலை ஜூலியாவுக்கு. தொட்டிக்குப் பின்பக்கம் மேஸ்திரி காசிநாதனுக்கு. சாப்பிட்டதும் அவர் அங்கே போய்க் கொஞ்ச நேரம் கண்ணசருவார், அந்தப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது.

ஜூலியா ஆடுவது சண்டை விளையாட்டு. எதிராளி எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து தன் போனில் ஆடுவான். முகம் தெரியாது, அவன் வைத்துக்கொண்ட பேர் மட்டும் தெரியும். இவள் 'கோமுகி' என்று வைத்திருந்தாள், ஊருக்குப் பக்கத்து அணையின் பேர். திரையில் இவளுக்காகக் கம்பு வைத்த ஒரு பெண் சண்டை போடுவாள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், திருக்கோவிலூர் என்று மாவட்டம் முழுக்க எத்தனை காலேஜ் பையன்கள் இதே வேலையாகக் கிடக்கிறார்கள்! அத்தனை பேரையும் சிமெண்டு அரித்த விரல்களால் அடித்துத் தள்ளிவிட்டு, மாவட்டப் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு வந்திருந்தாள் ஜூலியா. சும்மாவா? அந்தப் பட்டியலைப் படம் பிடித்துப் புருஷன் லாரன்சுக்கு அனுப்பினாள். திருப்பூரில் வேலை செய்யும் அவன் ஏழு கைதட்டல் பொம்மை அனுப்பினான்.

முதல் இடத்தில் இருந்தது 'கிங்55'. அவனிடம்தான் பதினேழு தரம் தோற்றாயிற்று.

அவன் ஆட்டத்தில் ஒரு மர்மமும் கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல். தடித்த மல்யுத்தக்காரன் ஒருவனை வைத்துக்கொண்டு, மேலே ஓர் உதை, மறுபடியும் மேலே ஓர் உதை, பிறகு காலை நீட்டித் தரையோடு ஓர் இழுப்பு. விழுந்தவர் எழுந்தால் மறுபடியும் அதே உதை, அதே உதை, அதே இழுப்பு. குழந்தைகூட மனப்பாடம் செய்துவிடும். உதை இரண்டையும் தடுத்து, குனிந்து மூன்றாவதையும் தடுத்துவிட்டு, அவன் மறுபடி தொடங்குவதற்குள் ஓர் அடி போட்டால் ஆள் காலி. ஆனால் அந்த இடைவெளி ஒரு மூச்சுக்கு மேல் இல்லை. ஜூலியா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முந்திக்கொண்டு அடிக்கப் போவாள், அவன் நீட்டிய கால் இவளை வாரிவிடும். தெரிந்த அடியையே பதினேழு தரம் வாங்குகிறவளைப் பார்த்து யாருக்குத்தான் சிரிப்பு வராது? லட்சுமியம்மாள் வாய்விட்டே சிரித்தாள்.

ஆனால் ஜூலியாவின் மனசை அரித்தது இது மட்டும் இல்லை. அவளுக்குக் கரண்டி வேண்டும், கொத்தனார் கரண்டி.

ஒன்பது வருஷமாக அவள் காசிநாதனுக்குச் சித்தாள். மணல் சலிப்பாள், கலவை குழைப்பாள், சட்டியைத் தூக்கிச் சாரத்தில் ஏறி அவர் கைக்கு எட்டும்படி நிற்பாள். அவர் பூசுகிற சுவரை ஒன்பது வருஷமாக ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்று அவர் மட்டக்கட்டை வைப்பதற்கு முன்னாலேயே இவளுக்குத் தெரிந்துவிடும். லாரன்சின் தம்பி ராபின் ஆறே மாதம் சட்டி தூக்கினான், ஏழாவது மாதம் அவன் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். இவளுக்கோ சாயந்தரம் கரண்டி கழுவுகிற வேலை. கழுவ மட்டும்தான் அது இவள் கைக்கு வரும்.

மூன்று தரம் வாய்விட்டுக் கேட்டாள். முதல் தரம் காசிநாதன் சிரித்தார். இரண்டாம் தரம், "பொம்பள சாரத்துல நின்னு பூசினா ஊரே வேடிக்க பாக்கும்மா" என்றார். பொங்கலுக்கு அப்புறம் மூன்றாம் தரம் கேட்டபோது மட்டும் உட்காரவைத்துப் பதில் சொன்னார்.

"இங்க பாரு ஜூலியா. பூச்சு வேலன்னா இன்னா? ஒரே வேல. காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் அதே வீச்சு, அதே இழுப்பு. ஒரு கை கம்மி, ஒரு கை ஜாஸ்தின்னா செவுரு அலையடிக்கும். அதுக்குப் பொறும வேணும். நீ அவசரக்குடுக்க. ஒனக்கு அது வராது."

வராதாமே! மூக்கு சிவந்து, காது சிவந்து, அன்றைக்கு மட்டும் வாய் திறக்காமல் எழுந்து வந்துவிட்டாள். வந்து அழுதாள் என்றும் சொல்லிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? இந்த மண்டபம் முடிந்ததும் சங்கராபுரத்தில் பெரிய வேலை ஒன்று வருகிறது, அதற்கு இன்னொரு கொத்தனார் வேண்டும், வெளியாளைத் தேடிக்கொண்டிருக்கிறார் மேஸ்திரி. அந்த இடம் இப்போது போனால் அப்புறம் எப்போதும் இல்லை, சட்டியும் சல்லடையும்தான் கடைசி வரைக்கும் என்று ஜூலியாவுக்குத் தெரியும்.

பதினெட்டாவது தோல்வியும் ஆன மறுநாள், சாரத்தில் காசிநாதன் பூசிக்கொண்டிருந்தார். ஜூலியா இடுப்பில் சட்டியை அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மனசு முழுக்க அந்தக் கிங்கின் மேல்தான் இருந்தது. தப் என்று ஒரு வீச்சு, தப் என்று இன்னொரு வீச்சு, சர்ரென்று ஓர் இழுப்பு. அப்புறம் ஒரு மூச்சு. அந்த மூச்சில் இவள் கை தானாகச் சட்டியை முன்னால் கொண்டுபோயிற்று. அவர் திரும்பிப் பார்க்காமலேயே கரண்டியை அதில் விட்டு அள்ளினார். தப், தப், சர்ர். ஒரு மூச்சு. சட்டி.

ஜூலியாவுக்குக் குப்பென்று வியர்த்தது. உதை, உதை, இழுப்பு. ஒரு மூச்சு.

"கலவை!" என்று கத்தினார் காசிநாதன். சட்டி காலியாகி எவ்வளவு நேரமோ. "இன்னா, நின்னுக்கினே தூங்கறியா?"

இருக்காது என்றுதான் முதலில் நினைத்தாள். யாராவது போனைக் கையில் எடுத்தாலே, "போன நோண்டற கையில வேல ஒட்டாது" என்று விரட்டுகிற மனுஷன் அவர். அவருடைய போன் நாள் முழுக்க மஞ்சள் பையில் சுருண்டு கிடக்கும். ஆனால் அந்த மஞ்சள் பையும் மத்தியானத்தில் தொட்டிக்குப் பின்னால் போகிறதே! கிங்55 எப்போதும் ஒன்றேகால் மணிக்கு மேல்தானே வருகிறான்! ரெண்டு மணிக்குக் காணாமல் போய்விடுகிறானே! சேசுவே, அவருக்கு வயசு என்ன? போன மாதம்தானே ஐம்பத்தைந்து முடிந்தது என்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்!

மறுநாள் மத்தியானம் மாடி மூலையில் உட்கார்ந்து ஆட்டத்தைத் திறந்தாள். கிங் வந்தான். இவள் அடிக்க இடம் தேடவில்லை, திரையைக்கூட முறைத்துப் பார்க்கவில்லை. இடுப்பில் சட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டாள். ஒரு வீச்சு, தடுத்தாள். இன்னொரு வீச்சு, தடுத்தாள். இழுப்பு, குனிந்தாள். சட்டியை நீட்டுகிற அந்த மூச்சில் கட்டைவிரலை அழுத்தினாள். கம்புக்காரி சுழற்றி விட்டதில் மல்யுத்தக்காரன் மல்லாந்தான்.

கீழே தொட்டிக்குப் பின்னாலிருந்து, "அடச்சீ!" என்று ஒரு குரல் வந்தது.

ஜூலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வீச்சு, அடுத்த இழுப்பு, அடுத்த மூச்சு. மறுபடியும் மல்லாந்தான்.

"அட நாசமாப் போறவனே!" என்றது தொட்டி.

"மேஸ்திரிக்கு இன்னாடி, கெட்ட கனவா?" என்று லட்சுமியம்மாள் எட்டிப் பார்த்தாள். ஜூலியாவுக்குச் சிரிப்பு விலாவைப் பிடித்துக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் கிங்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

'யார்ரா நீ? டேம் பக்கமா? நாளைக்கு இதே நேரம் அஞ்சு ஆட்டம். தைரியம் இருந்தா வா.'

'ஜெயிச்சா இன்னா தருவீங்க' என்று எழுதியவள், ஒன்பது வருஷப் பழக்கத்தில் வந்துவிட்ட மரியாதையை அவசரமாக அழித்து, 'இன்னா தருவ' என்று அனுப்பினாள்.

'இன்னா கேட்டாலும் தரேன். கிங் சொன்னா சொன்னதுதான்.'

அது உண்மை என்று ஜூலியாவுக்குத் தெரியும். காசிநாதனிடம் ஆயிரம் குறை சொல்லலாம், சொன்ன வார்த்தை தவறினார் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் லட்சுமியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்தால் வெடித்திருப்பாள். அந்தம்மாள் கையிலெடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரோரம் காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள்.

முதல் ஆட்டம் ஜூலியாவுக்கு. இரண்டாவதும் ஜூலியாவுக்கு. தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மூன்றாவது ஆட்டத்தில் கிங் ஒரு காரியம் செய்தான். அடிக்கவே இல்லை, சும்மா நின்றான். உதையும் இல்லை, இழுப்பும் இல்லை, சுவரில் சாத்திய ஏணி மாதிரி நின்றான். ஐந்து விநாடி பார்த்தாள், பத்து விநாடி பார்த்தாள், பொறுக்க முடியாமல் பாய்ந்தாள். அதற்காகவே காத்திருந்தவன் வாரிப் போட்டான். நான்காவதிலும் அதேதான், அதே ஏணி, அதே பாய்ச்சல், அதே வாரல். இரண்டுக்கு இரண்டு.

"அவசரக்குடுக்க" என்று ஜூலியா தன்னையே திட்டிக்கொண்டாள். காது சுடச்சுட எரிந்தது. மேஸ்திரி சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் தோன்றியதுதான் அன்றைக்கு அவள் வாங்கியதிலேயே பெரிய அடி.

ஐந்தாவது ஆட்டம் தொடங்கியது. அறுபது விநாடி, அதற்குள் யாரும் விழாவிட்டால் ஆட்டம் யாருக்கும் இல்லை. கிங் நின்றான். ஜூலியாவும் நின்றாள். கட்டைவிரல் குறுகுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐம்பது. நாற்பது.

"இன்னாடி, போன் நின்னுபோச்சா?" என்றாள் லட்சுமியம்மாள்.

"உஸ்ஸ். சும்மா இருக்கா."

முப்பது. இந்த மனுஷனை எனக்குத் தெரியாதா என்று நினைத்தாள் ஜூலியா. டீ குடிக்கிற நேரத்தில்கூட ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருப்பார். வண்டியில் வரும்போதும் உள்ளங்கை தொடையை மெழுகிக்கொண்டே இருக்கும். ஒன்பது வருஷத்தில் அவர் கை அரை நிமிஷம் சும்மா இருந்து இவள் பார்த்ததில்லை. பொறுமையாமே பொறுமை! வேலை செய்துகொண்டே இருக்கத்தான் அவருக்குப் பொறுமை, சும்மா இருக்க இல்லை. சட்டியைச் சுமந்துகொண்டு, அடுத்தவர் கை எப்போது வரும் என்று அசையாமல் நிற்கிற பொறுமை யாருடையது? அந்தப் பொறுமையில் இந்த மாவட்டத்தில் தன்னை மிஞ்ச ஆள் உண்டா? வரட்டும், பார்க்கலாம்!

இருபது. பதினைந்து. பன்னிரண்டாவது விநாடியில் கிங்கால் தாங்க முடியவில்லை. வந்தான். உதை. தடுத்தாள். உதை. தடுத்தாள். இழுப்பு. குனிந்தாள். ஒரு மூச்சு.

கம்பு இறங்கியது.

எழுந்தவன் வேறு என்ன செய்வான், மறுபடியும் அதையே செய்தான். மறுபடியும் அந்த மூச்சில் வாங்கிக்கொண்டு விழுந்தான். மணி அடித்தது. பட்டியலில் 'கோமுகி' என்ற பேர் மேலே ஏறி உட்கார்ந்தது. லட்சுமியம்மாள் நாக்கைச் சுழற்றிக் குலவையே விட்டுவிட்டாள், கீழே மணல் மேட்டில் சாய்ந்திருந்தவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜூலியா படியிறங்கினாள். யாரும் தலைகாட்டாத தொட்டியின் பின்பக்கத்துக்குப் போய் நின்றாள். காசிநாதன் போனை மடியில் கவிழ்த்துக்கொண்டு பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா இங்க? மணி ஆவலயே?"

ஜூலியா தன் போனைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"நீயா கோமுகி?"

"நாந்தான் மேஸ்திரி. இன்னா கேட்டாலும் தரேன்னு சொன்னீங்க."

பின்னாலேயே வந்துவிட்ட லட்சுமியம்மாளும் ராபினும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராபினுக்கு எதுவும் தெரியாது, கூட்டம் கூடியதே என்று வந்தவன்.

"மாவட்டத்துல ஒருத்தன் கண்டுபுடிக்கலயே" என்றார் காசிநாதன். "அதெப்பிடிம்மா அந்த எடத்தப் புடிச்ச?"

"ஒம்போது வருசமா அந்த எடத்துலதானே உங்களுக்குச் சட்டி நீட்டிக்கினு இருக்கேன்."

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். கோபப்படுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மீசைக்குள் மெல்லச் சிரிப்பு வந்தது.

"என் வேல சுத்தம். அதனாலதான் புடிச்ச. கண்டபடி பூசறவனா இருந்தா புடிச்சிருப்பியா?"

"மாட்டேன் மேஸ்திரி. அதனாலதான் அந்தக் கரண்டியக் கேக்கறேன்."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சாரத்தின் மேல் வைத்திருந்த தன் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். இருபது வருஷமாக ஒரே கைக்குப் பழகிப் பிடி தேய்ந்த கரண்டி. ராபினுக்கு அவர் கடையில் புதிதாக வாங்கித்தான் கொடுத்தார், இதை யாருக்கும் இரவல்கூடத் தந்ததில்லை. அதைக் கழுவாமல், கலவை ஒட்டியிருந்தபடியே ஜூலியாவின் கையில் வைத்தார்.

"தெக்குச் செவுரு பாக்கி கெடக்குது. நீ பூசு. அலையடிச்சா ஒடச்சிட்டு மறுபடியும் பூசணும், சொல்லிட்டேன்."

ஜூலியா சாரத்தில் ஏறினாள். வேலை நின்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். முதல் வீச்சு பாதி சுவரில் ஒட்டியது, பாதி ராபினின் தலையில் விழுந்தது. ஓவென்று சிரித்தார்கள். ஜூலியாவும் சிரித்தாள், மூக்கு சிவக்கவே இல்லை. இரண்டாவது வீச்சு ஒட்டியது. மூன்றாவது ஒட்டியது. நாலைந்து தடவைக்குப் பிறகு கை தானாகவே வழியைப் பிடித்துக்கொண்டது. தப், தப், சர்ர். கீழே சிரிப்பு அடங்கி, ஒவ்வொருவராகத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். காசிநாதன் மட்டும் மட்டக்கட்டையோடு சாரத்தில் ஏறி அவள் பக்கத்தில், குறை கண்டுபிடிக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு தரம் கட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் சாய்ந்தபோது சுவரில் ஒரு கதவகலம் ஏறியிருந்தது. ஜூலியா கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள், அடி தட்டியது. சட்டி காலி. லட்சுமியம்மாள் கீழே மணல் மேட்டில் இருந்தாள். பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். ஜூலியா ஒரு நொடி தயங்கினாள். அப்புறம் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், கையைப் பின்னால் நீட்டி, மலை கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்.

"கலவை!"

காசிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து சட்டியைத் தூக்கினார்.